அப்பாவின் தொண்ணூற்றிரண்டு

என் அப்பாவை டிப்போவில் ‘நிமிஷம்’ என்பார்கள். இருபத்தெட்டு வருடம் டவுன் பஸ் ஓட்டியவர். கிளம்புவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் மூச்சிரைக்க வருபவரிடம், "இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு, மெதுவா ஏறுங்க" என்பார். ஒரு நிமிஷம் கழித்து ஓடிவருபவரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போய்விடுவார். ஒருமுறை அப்படி ஓடிவந்தது நான். பத்தாம் வகுப்புப் பரீட்சை அன்று. சாயங்காலம் அழுதுகொண்டு கேட்டதற்கு, "அடுத்த வண்டி பன்னெண்டு நிமிஷத்துல இருந்துச்சே பாப்பா" என்றார். இந்த மனிதரைப் பற்றி நான் பொறுமையாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

வீட்டிலும் டிரைவர்தான். ஹாலில் அவர் நாற்காலிக்கு எதிரே, பின்னால் இருக்கும் வாசல் தெரிகிற மாதிரி ஒரு கண்ணாடியைச் சுவரில் அடித்து வைத்திருக்கிறார். யார் வந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டார். "செருப்பை ஓரமா விடு" என்று கண்ணாடியிடம் சொல்வார். நாங்கள் யாராவது சமையலறையிலிருந்து வேகமாக வந்தால், "வளைவுல நிதானம்" என்பார். முப்பத்தொரு வயதாகிறது எனக்கு. ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு நாளைக்கு எண்பது பேருக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறேன். வளைவில் நிதானம் எனக்குத் தெரியாதா?

போன வருடம் ஒரு காலையில், டிப்போவில் கை கழுவிக்கொண்டிருந்தபோது, இடது கையிலிருந்த சோப்பு நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தார். கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. பக்கவாதம். வண்டி எடுப்பதற்கு முன்பே வந்தது என்பதில்தான் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதல். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. கால் ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. பேச்சுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதுதான் எங்களுக்கு வந்த சோதனை. இடது கை விரல்கள் மட்டும் துவண்டே இருந்தன. எங்கள் ஊர் பஸ்ஸில் கியர் இடது கைப் பக்கம்.

பதினோரு மாதம் கழித்து ஒரு மருத்துவக் குழு கையைப் பரிசோதிக்கும் என்று டிப்போவில் கடிதம் கொடுத்தார்கள். கை தேறியிருந்தால் மறுபடி ஸ்டீயரிங். இல்லையென்றால் டைம் கீப்பர் அறையில் ஒரு நாற்காலி. எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுத வேண்டும். வேறு யாராக இருந்தாலும் அந்த நாற்காலியைக் கும்பிட்டு வாங்கியிருப்பார்கள். அப்பா மட்டும், "அடுத்தவன் வண்டி எடுக்கறதை நான் உக்காந்து எழுதணுமா?" என்று ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்படிப்பட்டவர் பிசியோதெரபிக்காவது ஒழுங்காகப் போனாரா? வாரம் இரண்டு நாள் அம்மா இழுத்துக்கொண்டு போவாள். ரப்பர் பந்தைப் பிசையச் சொன்னார்கள். கயிற்றில் துணிக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக மாட்டி எடுக்கச் சொன்னார்கள். திரும்பி வரும்போதெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவார். "இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டுனவனை கிளிப் மாட்டச் சொல்றாங்க." வீட்டில் பந்தைத் தொடவே மாட்டார்.

இதற்கு வழி கண்டுபிடித்தது என் தம்பி. பழைய மின்சாதனங்களை வாங்கிச் சரிபார்த்து விற்கும் கடையில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய அட்டைப்பெட்டியோடு வந்தான். உள்ளே பிளாஸ்டிக் கிட்டார் இரண்டு, நான்கு தட்டு கொண்ட ஒரு டிரம், ஒரு மைக், டிவியில் மாட்டும் விளையாட்டுப் பெட்டி. கிட்டாரில் கம்பி கிடையாது. கழுத்தில் ஐந்து நிறத்தில் ஐந்து பட்டன். டிவியில் ஆளுக்கொரு பாதை ஓடும். பாட்டுக்கு ஏற்ற மாதிரி அதில் நிறப் பொட்டுகள் வரும். கீழே உள்ள கோட்டைப் பொட்டு தொடும் நேரத்தில் இடது கையால் அதே நிறப் பட்டனை அழுத்தி, வலது கையால் ஒரு தட்டு தட்ட வேண்டும். சரியாக அடித்தால் பொட்டு தீப்பற்றி எரியும். கடைசியில் நூற்றுக்கு எத்தனை என்று மதிப்பெண் வரும்.

"அஞ்சு பட்டன். அஞ்சு கியர் மாதிரிதான்பா" என்றான் தம்பி. அதில் விழுந்தார் அப்பா.

ஞாயிறு நான்கு மணி என்று நேரம் குறித்தவர் அவர்தான். நான் டிரம். தம்பிக்குப் பாட வராது. வாயைத் திறக்காமல் முனகினாலே அந்த மைக் ஏற்றுக்கொள்கிறது என்று கண்டுபிடித்து எல்லாப் பாட்டையும் முனகினான். அப்பாவும் அம்மாவும் கிட்டார். அம்மாவுக்கு எளிதாக வைக்கலாம் என்றபோது அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "அவளுக்கு என்ன வருதோ அதேதான் எனக்கும் வரணும். அப்பதான் யார் எப்படின்னு தெரியும்." ஆகவே இருவருக்கும் ஒரே பொட்டுகள், ஒரே வேகம். இடது பாதை அப்பாவுடையது, வலது பாதை அம்மாவுடையது. கிட்டார் இரண்டும் அச்சு அசலாக ஒன்று என்பதால், தம்பி அப்பாவுடையதில் சிவப்பு டேப்பும் அம்மாவுடையதில் நீல டேப்பும் ஒட்டினான். அப்பாவின் கை தொங்காமலிருக்க, அதில் அகலமான தோள்வாரும் மாட்டிக் கொடுத்தான்.

முதல் ஒரு மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒருவர் மோசமாக அடித்தால் எல்லாருடைய பாட்டும் பாதியில் நின்றுவிடும். திரையில் இருக்கும் கூட்டம் கூச்சல் போடும். அந்த ஒருவர் எப்போதும் அப்பாதான். முப்பத்தொன்று, இருபத்தெட்டு, முப்பத்தைந்து. ஆனால் தப்பு ஒருநாளும் அவர் மேல் இல்லை. "டிவி லேட்டு." "நீ டிரம்மை மெதுவா அடிக்கறே." "இவன் முனகறதுல எனக்கு நிறமே தெரியல." கூச்சல் போடும் கூட்டத்தைப் பார்த்து, "இவனுங்கல்லாம் டிக்கெட் எடுத்துட்டா உள்ள வந்தானுங்க?" என்பார். அம்மா பக்கத்தில் சத்தமில்லாமல் எழுபத்தெட்டு எடுத்திருப்பாள். முப்பது வருடம் ஒரு பதிவு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவள். டைப்பிஸ்டுக்குக் கண் எப்போதும் மூலத்தின் மேல்தான். அடித்தது எப்படி விழுந்தது என்று கடைசியில்தான் பார்ப்பாள். பொட்டு வரும் இடத்தையே பார்ப்பாள், எரிகிற இடத்தைப் பார்க்க மாட்டாள்.

ஐந்தாவது ஞாயிறு அப்பா எழுபத்தொன்று எடுத்தார்.

நாங்கள் டிவியைப் பார்த்தோம், அவரைப் பார்த்தோம். தம்பி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். அடுத்த வாரம் எழுபத்தாறு. பிறகு எண்பத்துமூன்று. பிறகு ஒருநாள் தொண்ணூற்றிரண்டு. அந்த எண்ணை அவர் டிப்போவுக்குப் போன் போட்டுச் சொன்னார். பால் வாங்கும் கடையில் சொன்னார். நானும் சளைத்தவள் இல்லை. ஊசிக்காகக் கையை நீட்டி உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத அம்மாளிடம், "எங்கப்பாவுக்குப் பக்கவாதம் வந்த கை, இப்ப தொண்ணூத்திரண்டு" என்று சொல்லியிருக்கிறேன்.

அதே வாரங்களில் அம்மா சரிந்தாள். முப்பத்தாறு, முப்பத்துநான்கு. இப்போது பாட்டு பாதியில் நின்றால் அது அம்மாவால். தம்பி கிண்டல் செய்தான். நான் எரிந்து விழுந்தேன். "அம்மா, கொஞ்சம் கவனமா அடிக்கக்கூடாதா?" அப்பாவோ பெருந்தன்மையின் உச்சிக்கே போய்விட்டார். "அவளைத் திட்டாதீங்க" என்று எங்களை அடக்கிவிட்டு, பாட்டுக்குப் பாட்டு அவளுக்குப் பாடம் நடத்துவார். மணிக்கட்டைத் தளர்த்து. முன்னால பாரு. பொட்டு வர்றதுக்கு முன்னாடியே விரல் ரெடியா இருக்கணும். அம்மா தலையாட்டுவாள். "சரியாத்தான் அடிக்கிற மாதிரி இருக்கு" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

என் கோபமெல்லாம் வேறொன்றில் இருந்தது. எழுபத்தாறு வந்த வாரமே அப்பா பிசியோதெரபிக்குப் போவதை நிறுத்திவிட்டார். "இங்கதான் கை ஓடுதே, அங்க எதுக்கு கிளிப்பு?" நான் கத்தினேன். பிசியோதெரபி அம்மாளைப் போனில் பேச வைத்தேன். அப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு, "எண்பத்திமூணும்மா, எண்பத்திமூணு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். செவிடன் காதில் சங்கு ஊதினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பத்து வாரம் போகவில்லை.

மருத்துவக் குழு ஒரு வியாழக்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு, மூன்றாவது பாட்டின் நடுவில் ஆட்டம் நின்றது. முதல் ஆட்டக்காரரின் கிட்டார் இணைப்பில் இல்லை என்று திரையில் வந்தது. முதல் ஆட்டக்காரர் என்றால் இடது பாதை, அப்பா. தம்பி அப்பாவின் கிட்டாரை வாங்கிப் புது பேட்டரி போட்டான். திரையில் அந்த வரி போகவில்லை. திருப்பிப் போட்டான். போகவில்லை.

"என்னோடதுலதான்டா லைட் எரியல" என்றாள் அம்மா.

"அதில்லம்மா, அப்பாவோடதுதான் கட்டாயிருக்கு."

"நீ இதுல போட்டுத்தான் பாரேன்."

அவளைச் சமாதானப்படுத்தத்தான் போட்டான். போட்டதும் திரையில் அந்த வரி மறைந்தது. அம்மாவின் கிட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு பச்சைப் பட்டனை அழுத்தினான். இடது பாதையில் பச்சை ஒளிர்ந்தது. விட்டுவிட்டு மறுபடி அழுத்தினான். மறுபடி இடது. தம்பி என்னைப் பார்த்தான்.

என் வேலையில் ஒரே ஒரு மன்னிக்க முடியாத தப்பு உண்டு. ஒருவர் ரத்தத்தில் இன்னொருவர் பெயர் ஒட்டுவது. ஒவ்வொரு குழாயையும் இரண்டு தடவை பெயர் கேட்டுத்தான் ஒட்டுவேன். பத்து வருடத்தில் ஒன்றுகூட மாறியதில்லை. என் வீட்டு ஹாலில், என் கண் முன்னால், இரண்டரை மாதமாக மாறியிருந்திருக்கிறது.

"அம்மா, இதுல டேப்பை யாராவது மாத்தினாங்களா?" என்றேன்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். பிறகு மடியைப் பார்த்தாள். "அவரோடதுல பச்சைப் பட்டன் ரொம்ப இறுக்கமா இருந்துச்சு. அழுத்த முடியாம திணறினாரு. என்னோடது லேசா இருந்துச்சு. அதான் டேப்பையும் தோள்வாரையும் கழட்டி மாத்திட்டேன்."

"எப்ப?"

"எழுபத்தொண்ணு எடுத்தாரே, அதுக்கு முந்தின நாள்."

"சொல்லிட்டு மாத்தியிருக்கக் கூடாதாம்மா?"

"சொன்னா வாங்கிப்பாரா உங்கப்பா?" என்றாள். "நான் இடம் மாறி உக்காரலையே. அவர் பக்கம் வர்றது அவரோடதுதானே?"

கிட்டாருக்குள் எந்த ஆட்டக்காரர் என்ற அடையாளம் இருக்கிறது, எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் பெட்டி கிட்டாரைத்தான் பார்க்கிறது என்று தம்பி மெதுவாக விளக்கினான். அந்தத் தொண்ணூற்றிரண்டு தன்னுடையது என்பது அம்மாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. தனக்கு வராததற்கு அந்த இறுக்கமான பட்டன்தான் காரணம் என்று நினைத்திருக்கிறாள். நல்லதை அவருக்குக் கொடுத்துவிட்டோம், அவருக்கு வருகிறது, போதும் என்று இருந்திருக்கிறாள். எங்கள் கிண்டலையும் அவருடைய பாடத்தையும் அந்தக் கணக்கில்தான் வாங்கிக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தலையை எங்கேயாவது முட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"சரி பண்ணு. வாசிக்கலாம்" என்றார் அப்பா தம்பியிடம்.

லேசான கிட்டார் அப்பாவிடமே இருக்கட்டும் என்று, இணைப்பை மட்டும் தம்பி மாற்றினான். பாட்டு பாதியில் நிற்காதபடியும் ஏதோ செய்தான். பாட்டு தொடங்கியது. வலது பாதையில் பொட்டுகள் ஒன்றுவிடாமல் எரிந்தன. இடது பாதையில் ஒன்று எரிந்தால் இரண்டு தவறின. முதல்முறையாக அம்மா பொட்டு எரியும் இடத்தைப் பார்த்தாள். பார்த்த பிறகு அவள் பக்கமும் தவற ஆரம்பித்தது. மூன்று, நான்கு, வரிசையாக. அவள் வேண்டுமென்றே கையை நிறுத்துவது எனக்குத் தெரிந்தது.

"நீ ஒழுங்கா அடி" என்றார் அப்பா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அடித்தாள். அம்மா எண்பத்தெட்டு. அப்பா முப்பத்தெட்டு.

யாரும் எழுந்திருக்கவில்லை. அப்பா தோள்வாரைக் கழற்ற முயன்று, முடியாமல், அப்படியே விட்டார். பிறகு, "எனக்கு முதல் வாரமே தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நான் விட்டாலும் எரிஞ்சுது. வேணும்னே ரெண்டு தடவை கையை எடுத்துட்டுப் பாத்தேன். அப்பவும் எரிஞ்சுது."

"அப்ப ஏன்பா சொல்லல?"

"நீயும் அவனும் சேந்து ஏதோ செட் பண்ணி வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன். அப்பா மனசு நோகக்கூடாதுன்னு. கேட்டா எடுத்துடுவீங்களே."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நோயாளி என்றும் பார்க்கவில்லை, அப்பா என்றும் பார்க்கவில்லை. "பொய்னு தெரிஞ்சுகிட்டா அம்மாவுக்குப் பாடம் நடத்தினீங்க? பொய்னு தெரிஞ்சும் எதுக்குப்பா பிசியோவுக்குப் போறதை நிறுத்தினீங்க? பத்து வாரம். அந்தப் பத்து வாரம் போயிருந்தா இந்நேரம் கை தேறியிருக்காதா?"

"அங்க ஒரு மீட்டர் வச்சிருக்காங்க பாப்பா" என்றார். "கையில குடுத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லி நம்பர் எழுதுவாங்க. அந்த நம்பர் யாருக்காகவும் மாறாது."

உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்தத் தொண்ணூற்றிரண்டு பிடித்திருந்தது. ஒரே வாரத்தில் ஒரு கை முப்பத்தைந்திலிருந்து எழுபத்தொன்றுக்குப் போகுமா என்று, வேறு யாருடைய முடிவாக இருந்தாலும் நான் இரண்டாவது தடவை சோதித்திருப்பேன். இதைச் சோதிக்கவில்லை.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அப்பா அம்மாவோடு பேசவில்லை. தன்மேல் கோபம் என்று அம்மா நினைத்தாள். அவருடைய காக்கிச் சட்டையை எடுத்துத் தேய்ப்பதும், மடிப்பதும், மறுபடி தேய்ப்பதுமாக இருந்தாள். புதன்கிழமை டிப்போவிலிருந்து அவர் நண்பர் ஒருவர் போன் செய்தார். ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது. "ஒண்ணும் கவலைப்படாத நிமிஷம். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ், ஒரு ஆக்சிடென்ட் கிடையாது. ரெண்டு கேள்வி கேட்டுட்டு கையெழுத்து போட்டுடுவாங்க. மீட்டரெல்லாம் கேட்டாத்தான் எடுப்பாங்க." அப்பா "சரி" என்று வைத்துவிட்டார். என்ன சரி என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. அவர் போய்க் கையெழுத்து வாங்கிவந்துவிட்டால், காலை எட்டு மணி வண்டியில் அறுபது பேரை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் கியர் மாற்றப்போவது அந்தக் கைதான். நான் டிப்போவுக்கு ஒரு கடிதம் எழுதினால் அவரைக் காட்டிக்கொடுத்தவள் ஆவேன். எழுதாவிட்டால் என்ன ஆவேன் என்று நினைக்கவே முடியவில்லை. வேலையில் அன்றைக்கு ஒருவருக்கு இரண்டு தடவை ஊசி குத்தினேன்.

வியாழக்கிழமை அவரோடு அம்மாவும் நானும் போனோம். நீளமான அறை, மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த டாக்டர் கோப்பைப் புரட்டினார். அப்பாவை நடந்து காட்டச் சொன்னார். கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினார், அதில் குறையில்லை.

"நல்லாத்தான் இருக்கீங்க" என்று டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றினார். "சர்வீஸ் ரெக்கார்டும் சுத்தமா இருக்கு. கை எப்படி, பிடிமானம் வந்துடுச்சா?"

"முப்பத்தெட்டு" என்றார் அப்பா.

"என்னது?"

"நூத்துக்கு முப்பத்தெட்டு சார். வீட்டுல ஒரு விளையாட்டு இருக்கு, அதுல பாத்தோம். என் வீட்டுக்காரி எண்பத்தெட்டு. அவளுக்கும் எனக்கும் ஒரே பொட்டுதான்." இடது கையை மேஜைமேல் எடுத்து வைத்தார். "பத்து வாரமா நான் பிசியோவுக்கும் போகல. கையெழுத்து போட்டுடாதீங்க. மீட்டர் வச்சுப் பாருங்க."

டாக்டர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். மீட்டரை எடுத்துவந்தார்கள். அப்பா அதை இடது கையில் வாங்கி, கண்ணை மூடி, முகமெல்லாம் சிவக்க இறுக்கினார். எனக்குப் பக்கத்தில் அம்மாவின் கை அவளுடைய பையின் வாரைப் பிடித்து இறுக்கிக்கொண்டிருந்தது. டாக்டர் குனிந்து எண்ணைப் பார்த்தார். அது போதாது என்பது அவர் சொல்வதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

"ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாம். அதுவரைக்கும் டைம் கீப்பர் ரூம்" என்று எழுதிக்கொண்டே, மீட்டரைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினார்.

அப்பா கொடுக்கவில்லை. "இன்னொரு தடவை பிடிக்கிறேன் சார்" என்றார்.

"அதேதாங்க வரும்."

"வரட்டும்" என்றார் அப்பா. "அதையும் எழுதிக்குங்க."